கேட்லாக் விலையில் பாதிக்கும் கீழே கிடைத்தால் லாபம்தானே? (கொருக்குப்பேட்டை பர்மா ஆல்பம்)

2024 ஜனவரி 7, காலை. கேள்வி

அண்ணே, எங்கள் தெருவில் ஒரு பர்மாக் குடும்பம் இருக்கிறது. தாத்தா ரங்கூனில் ஒரு கடையில் கணக்கு எழுதியவர். அவர் சேர்த்த ஸ்டாம்ப் ஆல்பத்தை விற்கப் பார்க்கிறார்கள். மிக்ஜாம் வெள்ளத்தில் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். ஆல்பம் பீரோவின் மேல்தட்டில் இருந்ததால் நனையவில்லை என்கிறார்கள். பர்மா என்று ஆங்கிலத்தில் ஓவர்பிரிண்ட் (அச்சான ஸ்டாம்பின்மேல் மறுபடி அடிக்கும் எழுத்து) அடித்த ஐந்தாம் ஜார்ஜ் ஸ்டாம்புகள் 5 ரூபாய் வரை இருக்கின்றன, முத்திரை குத்தாதவை. ஜப்பான்காரன் காலத்து மயில் ஓவர்பிரிண்ட் ஒரு பக்கம் முழுக்க. 1948 காந்தி செட் நான்கும் உண்டு, 10 ரூபாய் உட்பட. லண்டன் ஸ்டாம்ப் கடையான ஸ்டான்லி கிப்பன்ஸின் கேட்லாக்கைப் பார்த்துக் கூட்டினால் லட்சத்தைத் தாண்டுகிறது. கேட்பது 40,000. ஒரு பை நிறையப் பழைய கடிதங்களும் இனாமாம். கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிடலாம்தானே?

2024 ஜனவரி 7, இரவு. பதில்

கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். வாங்கிய பிறகு திறக்காமல் இருந்தால் சரி.

தம்பி, அந்தக் கேட்லாக்கின் முன்பக்கங்களைப் படித்தீர்களா? யாரும் படிப்பதில்லை. நேராக நாட்டைத் தேடி எண்ணைப் பார்த்து விரலை வைத்துவிடுகிறோம். அசல் என்பதில் சந்தேகமில்லாத, குறையில்லாத ஒரு ஸ்டாம்பை அந்தக் கடை தன் கவுன்டரில் என்ன விலைக்குக் கொடுக்கும் என்பதுதான் அங்கே அச்சாகியிருக்கும் எண். உங்கள் தெருவில் இருக்கும் ஸ்டாம்பின் விலை அது அல்ல. சில்லறை ஸ்டாம்புக்குப் போட்டிருக்கும் அடிமட்ட விலையோ எடுத்துக் கொடுக்கும் கூலி மட்டும்தான். அதையும் சேர்த்துத்தானே கூட்டியிருக்கிறீர்கள்?

இன்னொன்று. கிப்பன்ஸில் விக்டோரியா முதல் ஐந்தாம் ஜார்ஜ் வரை முத்திரை குத்தாத ஸ்டாம்பின் விலை, ஹிஞ்சு (ஸ்டாம்பை ஆல்பத்தில் ஒட்டப் பின்னால் வைக்கும் சின்னப் பசைத்தாள்) லேசாக ஒட்டியதற்கு. எட்டாம் எட்வர்டு, ஆறாம் ஜார்ஜ் காலத்திலிருந்து ஹிஞ்சே படாததற்கு. உங்கள் காந்தி 1948. அதாவது ஆல்பத்தில் ஒட்டிய காந்திக்கு அந்த எண் பொருந்தாது. ரங்கூன் தாத்தா அந்தக் காலத்து மனிதர். ஆல்பத்தில் ஹிஞ்சு போட்டு ஒட்டியிருக்க மாட்டார் என்று நினைக்கிறீர்களா?

முன்பக்கம் ஸ்கேன் எடுத்து அனுப்ப வேண்டாம். பின்பக்கம் என்ன தெரிகிறது என்று எழுதுங்கள். எடுக்கும்போது டாங்ஸ் (ஸ்டாம்ப் பிடிக்கும் இடுக்கி), விரல் வேண்டாம்.

2024 ஜனவரி 8

பின்பக்கத்தில் என்னதான் பார்ப்பது என்று இரண்டு மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். நான் பார்க்கும் வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதலில் பசை. பசை முழுதாக இருக்கிறதா, ஹிஞ்சு ஒட்டிய தடம் இருக்கிறதா, ஹிஞ்சின் தாள் துண்டே இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறதா. துண்டு இருந்தால் பிய்க்காதீர்கள். அடியில் ஒரு மெலிவு ஒளிந்திருக்கலாம். பழைய ஹிஞ்சை அவசரமாக இழுத்தவன் ஸ்டாம்புத் தாளில் ஒரு படலத்தையும் சேர்த்து இழுத்திருப்பான், அப்புறம் அதை மறைக்கப் புது ஹிஞ்சை அதே இடத்தில் ஒட்டியிருப்பான். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் அந்த இடம் மட்டும் வெளுப்பாகத் தெரியும். கறுப்புத் தட்டில் கவிழ்த்துப் போட்டு இரண்டு சொட்டு பென்சைன் (benzine; நச்சான பென்சீன் அல்ல) விட்டால் அதே இடம் கறுப்பாகத் தெரியும். சிகரெட் லைட்டருக்கு ஊற்றுகிற திரவம் போதும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் சாம்பிராணி கூடாது.

பசை இருந்தால் மட்டும் போதாது, அது அச்சகத்தில் பூசிய பசைதானா என்று பார்க்கணும். அச்சடித்து, பசை பூசி, காய வைத்து, அதற்குப் பிறகுதான் கிழித்தெடுக்க ஓரத்தில் துளை போடுகிறார்கள். அதனால் அசல் ஸ்டாம்பைக் கிழித்தெடுத்தால் ஓரத்துப் பல் நுனியில் தாள் நார் பஞ்சாக இருக்கும், பசை இருக்காது. பசை போன ஸ்டாம்புக்கு யாரோ வீட்டில் புதுப் பசை பூசியிருந்தால், அது பல் நுனிவரை ஏறி நாரை விறைப்பாக்கிவிடும். டாங்ஸால் ஓரத்தை லேசாகத் தடவினால் அசல் மெத்தென்று வளையும், மறுபூச்சு முள்முள்ளாக நிற்கும். லென்ஸில் பார்த்தால் இன்னும் தெளிவு. பத்து மடங்கு லென்ஸ் இல்லாமல் ஆயிரம் ரூபாய்க்கு மேல் எதையும் வாங்காதீர்கள்.

நம் ஊரில் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. எண்பது வருஷம் நம் வெக்கையிலும் ஈரத்திலும் கிடந்த நாசிக் அச்சு ஸ்டாம்பின் பசை மங்கி, லேசாகப் பழுத்து, எங்காவது ஒரு கோடு விட்டிருக்கும். அது இயற்கை. 1930களின் ஸ்டாம்பு ஒன்று காசிமேட்டுக் காற்றில் வளர்ந்து, பசை மட்டும் நேற்றுப் பூசியதுபோல் பளபளவென்று வெள்ளையாக இருந்தால் எனக்கு உடனே சந்தேகம் வரும்.

அடுத்து துருப்புள்ளி. ரஸ்ட் என்றும் டோனிங் என்றும் சொல்கிறோமே, அதுதான். பல் ஓரங்களில் பழுப்பாகத் தொடங்கி உள்ளே பரவும். ஒன்றில் இருந்தால் பக்கத்தில் இருப்பதையும் பாருங்கள். முன்பக்கத்துக்கு வராதவரை நான் வாங்குவேன், விலையை இறக்கித்தான். முன்பக்கம் வந்துவிட்டால், அது கிடைக்கவே கிடைக்காத ஸ்டாம்ப் என்றால் மட்டும்.

மடிப்பு, குண்டூசித் துளை, உடைந்த பல், மூலையில் கிழிசல் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. கண்ணுக்குத் தெரியும், தெரிந்தால் விலை இறங்கும்.

2024 ஜனவரி 8, மதியம்

பசையை நாக்கால் தொட்டுப் பார்க்கலாமா என்று ஒருவர் தனியே கேட்டிருக்கிறார். ஸ்டாம்பு அவருடையது, நாக்கும் அவருடையது. ஆனால் தொட்ட பிறகு அது 'ஹிஞ்சு படாதது' இல்லை.

2024 ஜனவரி 10

கொருக்குப்பேட்டைத் தம்பி விவரம் அனுப்பிவிட்டார். பர்மா ஓவர்பிரிண்டில் சின்ன மதிப்புகள் எல்லாமே பக்கத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கின்றன. 2 ரூபாயும் 5 ரூபாயும் மட்டும் ஹிஞ்சில் தனியாக நிற்கின்றன. நனையவில்லை என்று அந்த வீட்டார் சொன்னது பொய்யில்லை. தண்ணீர் இடுப்பளவு நின்ற வீட்டில் மேல்தட்டில் இருந்த காகிதமும் ஒரு வாரம் ஈரத்தை மூச்சாக இழுத்திருக்கும், பசை இளகத் தண்ணீர் படவே வேண்டியதில்லை. ஒட்டியவற்றை இழுக்க வேண்டாம். எப்படி எடுத்தாலும் அவற்றின் பசைக்கு இனி விலை இல்லை.

இனி காந்தி. இதில்தான் பெரிய பணம் இருக்கிறது, அதனால் போலியும் இதில்தான் அதிகம்.

1948 ஆகஸ்ட் 15 அன்று வெளியானவை. ஒன்றரை அணா, மூன்றரை அணா, 12 அணா, 10 ரூபாய். சுவிட்சர்லாந்தில் கூர்வாசியே அச்சகத்தில் ஃபோட்டோகிராவூர் (பள்ளங்களில் மை நிரப்பி அடிக்கும்) முறையில் அடித்தது. பாபு என்று இந்தியிலும் உருதுவிலும் இருக்கும். 10 ரூபாய் மட்டும் மற்ற மூன்றைவிட அளவில் பெரியது. தம்பி, லென்ஸை காந்தியின் கன்னத்தில் வையுங்கள். ஃபோட்டோகிராவூரில் ஒரே நிறத்தில் நுணுக்கமான சல்லடைக் கண்கள் வரிசையாகத் தெரியும், நிறம் ஆழத்திலிருந்து மேலே வருவதுபோல் இருக்கும். நீலம், சிவப்பு, மஞ்சள் புள்ளிகள் பூப்பூவாகத் தெரிந்தால் அது ஆஃப்செட், அதாவது பிற்காலத்துப் போலி. அங்கேயே மூடி வைத்துவிடலாம்.

அது தேறினால் துளையை அளங்கள். இரண்டு சென்டிமீட்டரில் எத்தனை துளை என்பதுதான் கணக்கு. இந்த செட்டுக்கு 11½. பாரிமுனையில் கள்ளநோட்டு பார்க்க விற்கிறார்களே, அந்தப் புற ஊதா டார்ச்சை இருட்டில் அடித்துப் பாருங்கள். வெளுப்பேற்றிய பிற்காலத் தாள் நீலவெள்ளையாகப் பளிச்சிடும். 1948 தாள் அப்படிப் பளிச்சிடக் கூடாது.

2024 ஜனவரி 11

எதிர்பார்த்தேன், வந்துவிட்டது. 'என்னிடம் சர்வீஸ் ஓவர்பிரிண்ட் போட்ட காந்தி 10 ரூபாய் இருக்கிறது, என்ன விலை?'

கவர்னர் ஜெனரல் அலுவலகத்துக்கென்று 100 மட்டும் ஓவர்பிரிண்ட் அடித்தார்கள். 2017இல் நான்கு ஸ்டாம்ப் சேர்ந்த துண்டு ஒன்றை ஸ்டான்லி கிப்பன்ஸ் 5 லட்சம் பவுண்டுக்கு விற்றது. அந்தச் செய்தி பேப்பரில் வந்ததிலிருந்து வாட்ஸாப் குழுக்களில் தென்படுவதையெல்லாம் கூட்டினால் அச்சடித்ததைவிட அதிகம் வரும். வைத்திருப்பவர் அதை லண்டன் ராயல் ஃபிலடெலிக் சொசைட்டியின் நிபுணர் குழுவுக்கு அனுப்பட்டும். எனக்கு அனுப்ப வேண்டாம்.

2024 ஜனவரி 14, போகி

இன்று காலை தெருவெல்லாம் புகை. அதைப் பார்த்ததும் இனாமாகக் கொடுக்கிறார்கள் என்று சொன்ன கடிதப் பை நினைவுக்கு வந்தது, உடனே தம்பிக்குப் போன் போட்டேன். வடசென்னையில் எத்தனை ரங்கூன் கடிதங்கள் போகி நெருப்பில் போயிருக்கும் என்று யோசிக்கவே மனசு வரவில்லை. வியாசர்பாடியிலும் கொருக்குப்பேட்டையிலும் தண்டையார்பேட்டையிலும் பர்மாவிலிருந்து வந்த குடும்பங்கள் டிரங்குப் பெட்டியில் வேறு எதைக் கொண்டுவந்தன? துணி, பாத்திரம், காகிதம்.

பை இன்னும் இருக்கிறது. நல்லது.

ஆல்பத்தை விட்டுவிட்டு இதைப் பற்றிக் கொஞ்சம் பேசலாம். பர்மா 1937 ஏப்ரல் 1 வரை பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். அதுவரை அங்கே ஓடியது இந்திய ஸ்டாம்புதான். பிரிந்த அன்றே இந்திய ஸ்டாம்பின்மேல் பர்மா என்று அடித்து வெளியிட்டார்கள், 3 பையிலிருந்து 25 ரூபாய் வரை. 1938இல் ஆறாம் ஜார்ஜ் படம் போட்டுப் பர்மாவுக்கென்றே தனி வடிவம் வந்துவிட்டது. ஆக ஓவர்பிரிண்ட் ஸ்டாம்ப் அதன் சொந்தக் காலத்தில், சரியான தேதியோடு, உறையின்மேல் ஒட்டி நமக்குக் கிடைப்பது கொஞ்ச காலத்துக்குள் எழுதிய கடிதங்களில்தான். அதே ஸ்டாம்பை உறையிலிருந்து கழற்றிவிட்டால் சின்ன மதிப்புகள் சில்லறைக்குப் போகும்.

தம்பி, ஒரு ஸ்டாம்பையும் உறையிலிருந்து நனைத்து எடுக்காதீர்கள். உறையின் ஓரம் கிழிந்திருந்தாலும் சரி, எண்ணெய்க் கறை இருந்தாலும் சரி.

உறையில் பார்க்க வேண்டியதே வேறு. முத்திரை ஸ்டாம்பிலும் உறையிலும் ஒரே வட்டமாக ஏறியிருக்கிறதா? ஸ்டாம்பின் ஓரத்தில் கோடு விட்டுப்போய் உறையில் தொடராவிட்டால் அது வேறெங்கிருந்தோ கொண்டுவந்து ஒட்டியது. பின்னால் திருப்பினால் சென்னை வந்து சேர்ந்த முத்திரை இருக்கிறதா, அதன் தேதி ரங்கூன் தேதிக்குப் பிறகா, கப்பலில் வந்துசேரும் கால அளவுக்குள் இருக்கிறதா? 1939 செப்டம்பருக்குப் பிறகு எழுதியது என்றால் தணிக்கை செய்த அடையாளம் இருக்கலாம். பிரித்துப் பார்த்து ஒட்டிய தாள் பட்டையைக் குப்பை என்று உரித்துவிடாதீர்கள், விலையே அதற்குத்தான். ரங்கூன் முத்திரை சாதாரணம். சின்ன ஊர் ஆபீஸ் முத்திரை, ஊர்ப் பெயரும் தேதியும் படிக்கிற மாதிரி விழுந்திருந்தால் எடுத்து வையுங்கள்.

பொங்கல் வேலை இருக்கிறது. மயில் பற்றி அப்புறம்.

2024 ஜனவரி 16

மயில்.

1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கையில் போனது. அதன்பின் மே மாதம் டெல்டாப் பக்கம் மியாவுங்மியாவில், பர்மா சுதந்திரப் படையின் ஆட்கள் கையில் இருந்த பர்மா ஸ்டாம்புகள்மேல் மயிலை அடித்துப் புழக்கத்தில் விட்டார்கள். பியாபோனிலும் ஹென்சாடாவிலும் இதே மாதிரி நடந்தது. அவசரத்தில், உள்ளூர் அச்சகத்தில், பலவித அச்சுக்கட்டையில் அடித்தது. அசலே ஒழுங்கில்லாமல் இருக்கும்போது போலியை எதை வைத்துப் பிடிப்பது?

இதில் எனக்குத் தெரிந்த வித்தை எல்லாம் தோற்றுவிடும். அடியில் இருக்கும் ஸ்டாம்ப் அசல். தாள் சரி, நீர்க்குறி சரி, துளை சரி, பசைகூடச் சரியாக இருக்கும். போலி என்றால் மேலே உட்கார்ந்திருக்கும் மயில் மட்டும்தான். அதனால் மயிலை நான் சான்றிதழ் இல்லாமல் வாங்குவதில்லை. பக்கம் முழுக்க மயில் என்று தம்பி எழுதியதுமே என் கணக்கில் அந்தப் பக்கத்துக்குப் பூஜ்யம் போட்டுவிட்டேன். வேண்டுமானால் அடியில் இருக்கும் ஸ்டாம்பின் விலை.

ஒரே ஒரு சோதனை வீட்டிலேயே செய்யலாம். முத்திரை குத்திய மயில் என்றால் எது மேலே, எது கீழே என்று லென்ஸில் பாருங்கள். தபால் முத்திரையின் மை அடியிலும் மயிலின் மை அதற்கு மேலேயும் ஓடினால் கதை முடிந்தது, பயன்படுத்திய ஸ்டாம்பின்மேல் பிற்பாடு அடித்தது. 1937 பர்மா ஓவர்பிரிண்டுக்கும் இதே சோதனைதான்.

இதைவிட வேடிக்கை ஒன்று. சில வருஷம் முன்னால் மண்ணடியில் ஒருவர் எனக்கு ஓர் உறை காட்டினார். மயில் ஸ்டாம்ப், 1943 ரங்கூன் முத்திரை, அழகான கையெழுத்தில் ராயபுரத்து முகவரி. விலையும் பெரிசுதான். ஸ்டாம்பையோ முத்திரையையோ ஆராய வேண்டிய அவசியமே இல்லை. 1943இல் ஜப்பானியர் பிடியில் இருந்த ரங்கூனிலிருந்து பிரிட்டிஷ்காரன் கையில் இருந்த சென்னைக்கு எந்தத் தபால்காரன் கடிதம் கொண்டுவருவான்? இரண்டு பக்கமும் போரில் இருந்தன, தபாலே இல்லை. அவரிடம் அதைச் சொன்னேன். 'நேதாஜி ஆளுங்க கொண்டுவந்திருப்பாங்க பாய்' என்றார். அந்தப் பதிலுக்காகவே ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

2024 ஜனவரி 17

8ஆம் தேதிக் குறிப்பில் பென்சைன் பற்றி எழுதியதோடு இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பெரம்பூர் நண்பர் நினைவுபடுத்தினார், சரியாகவே. ஃபோட்டோகிராவூர் அச்சுக்கு பென்சைன் ஆகாது, மை கலையலாம். காந்தியை அதில் போடாதீர்கள். வெளிச்சத்துக்கு நேரே பிடிப்பது போதும்.

2024 ஜனவரி 21

பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து ஒரு பெரியவர் கோபமாக எழுதியிருக்கிறார். 'பசை, பல், ஹிஞ்சு என்பதெல்லாம் வியாபாரிகள் கிளப்பிவிட்ட பைத்தியம். ஸ்டாம்பு என்பது முன்பக்கம் பார்க்கத்தான். எங்கள் காலத்தில் மூர் மார்க்கெட்டில் தரையில் குவித்துப் போட்டு விற்றார்கள், பின்பக்கத்தை எவன் பார்த்தான்?'

பாதி ஒத்துக்கொள்கிறேன் ஐயா. வெளியே தெரியாத பசைக்கு, ஸ்டாம்புக்கே கொடுப்பதைவிட அதிகம் கொடுப்பது எனக்கும் கிறுக்குத்தனமாகத்தான் படுகிறது. நானே என் சேகரிப்பில் ஹிஞ்சு பட்டதைத்தான் தேடி வாங்குகிறேன், அதே ஸ்டாம்ப் பாதி விலைக்குக் கிடைக்கிறது. ஆனால் வாங்கும்போது அந்தப் பாதி விலைதான் கொடுக்கிறேன். பசைக்கு மதிப்பில்லை என்று நினைக்கிறவர் பசைக்கான விலையைக் கொடுக்காமல் இருக்கணும் இல்லையா? பின்பக்கம் பாராமல் வாங்குகிறவர் அதைக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறார்.

குறை எல்லாமே ஒரே அளவில் விலையை இறக்குவதும் இல்லை. 1854 நாலணா இருக்கிறதே, விக்டோரியா தலை நீலத்திலும் சட்டம் சிவப்பிலும், அதைத் துளை இல்லாமல் அடித்தார்கள், கத்தரிக்கோலால் வெட்டி ஒட்டணும். எண்கோணச் சட்டத்தைச் சுற்றியே ஓட்ட வெட்டிய ஆட்கள் நிறைய. நாலு பக்கமும் வெள்ளை ஓரம் விட்டுச் சதுரமாக வெட்டியதற்கு ஒரு விலை, எண்கோணமாகச் சிரைத்ததற்கு அதில் சின்னப் பங்கு. இரண்டுமே அசல், இரண்டுமே அதே கல்லச்சில் அடித்தவை. கொஞ்சம் காசில் ஒரு நாலணா வேண்டும் என்றால் எண்கோணம் வாங்குங்கள், அது குறை அல்ல, வாய்ப்பு. ஆனால் போன வருஷம் நாசிக்கில் லட்சக்கணக்கில் அடித்த ஒன்றில் ஒரு பல் உடைந்திருந்தால் தூக்கிப் போடுங்கள், அடுத்தது கிடைக்கும்.

ராஜா காலத்து ரூபாய் மதிப்புகளிலும் இப்படி ஒரு விலைப் பள்ளம் உண்டு. 10, 15, 25 ரூபாய் ஸ்டாம்பை எவன் கடிதத்தில் ஒட்டுவான்? பெரும்பாலும் தந்தி, பார்சல், பத்திரம். தந்தி ஆபீஸ் முத்திரை விழுந்ததற்கு விலை குறைவு. பத்திரத்தில் பேனாவால் கோடு போட்டதற்கு இன்னும் குறைவு. அந்தப் பேனா மையைக் கழுவிவிட்டு மேலே ஒரு தபால் முத்திரையைக் குத்திக் கொண்டுவருவார்கள். சாய்த்துப் பிடித்துப் பார்த்தால் பேனா முள் கீறிய பள்ளம் தெரியும். மையைக் கழுவலாம், கீறலை எப்படிக் கழுவுவது?

2024 ஜனவரி 22

தம்பி மீண்டும் கேட்கிறார், கடைசியில் என்ன விலை சொல்லட்டும் என்று. காந்தியின் கன்னத்தில் சல்லடை சரி, துளை சரி, டார்ச்சில் ஒளிரவில்லை. 10 ரூபாயின் பின்னால் பெரிய ஹிஞ்சுத் துண்டு இருக்கிறது, ஒரு மூலையில் துருப்புள்ளி, முன்பக்கம் வரவில்லை. பல் மெத்தென்று இருக்கிறதாம்.

நானாக இருந்தால்: காந்தி செட்டுக்கு 10,000. பர்மா 2 ரூபாய், 5 ரூபாய், ஒட்டிப்போன சின்னவை எல்லாம் சேர்த்து 4,000. மயில் பக்கத்துக்கு ஒன்றுமில்லை, சான்றிதழ் வந்தால் பிறகு பேசலாம் என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். பசை போனவற்றுக்கு மறுபூச்சுப் பூசலாமா என்ற யோசனையை இப்போதே மறந்துவிடுங்கள்.

கடிதப் பை இனாம் என்றார்களே, அதை இனாமாக வாங்காதீர்கள். நீங்கள் அனுப்பிய போட்டோக்களில் மூன்றில் தணிக்கைப் பட்டை இருக்கிறது, ஒன்று பர்மாவின் மோல்மேன் ஊர் முத்திரை. பைக்கு 6,000 சொல்லுங்கள், அதுவும் நியாயமான அடிமட்டம்தான். வெள்ளத்தில் மெத்தை முதல் மிக்ஸி வரை இழந்த வீடு அது. விஷயம் தெரிந்த நாம் தெரியாதவரிடம் வாயை மூடிக்கொண்டு வாங்கினால் அதற்குப் பேர் பேரம் இல்லை. உள்ளே இருக்கும் தாள்களையும் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். குடும்ப விஷயம் இருந்தால் தாளை அவர்கள் வைத்துக்கொள்ளட்டும். உள்ளே கடிதம் இல்லாததால் உறையின் விலை பெரிதாகக் குறையாது.

2024 ஜனவரி 22, இரவு

'மொத்தம் 20,000 என்றால் கேட்டதில் பாதி, கோபித்துக்கொள்ள மாட்டார்களா?' என்கிறார்.

எண்ணை மட்டும் சொன்னால் கோபிப்பார்கள். ஆல்பத்தைத் திறந்து வைத்து, லென்ஸை அவர்கள் கையில் கொடுத்து, ஒவ்வொன்றாகக் காட்டுங்கள். அப்படியும் ஒப்பவில்லை என்றால் சவுகார்பேட்டையிலோ வேறெங்கோ இரண்டு இடத்தில் விலை கேட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். அவசரம் அவர்களுக்கு இருக்கலாம், உங்களுக்கு இருக்கக் கூடாது.

2024 பிப்ரவரி 4

வாங்கிவிட்டார். காந்தி, பர்மா, பத்து உறைகள், 18,500க்கு. மீதிக் கடிதங்களை வீட்டின் பேத்தி படிக்க ஆரம்பித்துவிட்டாராம், இப்போதைக்குத் தரமாட்டார். மயில் பக்கம் அவர்களிடமே இருக்கிறது. காந்தி 10 ரூபாய்க்கு நிபுணர் குழுவின் சான்றிதழ் வாங்கலாமா என்கிறார். கட்டணம் ஸ்டாம்பின் மதிப்பைப் பொறுத்தது, அதோடு அனுப்பும் செலவு. விற்கும் எண்ணம் இருந்தால் அனுப்புங்கள். ஆல்பத்தில் வைத்துப் பார்க்கத்தான் என்றால் அந்தக் காசில் நல்ல ஸ்டாக்புக் (ஒட்டாமல் செருகி வைக்கும் ஆல்பம்) வாங்கலாம்.

2024 பிப்ரவரி 18

ஸ்டாக்புக் என்றதும் வந்து குவிந்த கேள்விகளுக்கு மொத்தமாக: படுக்க வைத்து அடுக்காதீர்கள், நிறுத்தி வையுங்கள், கனத்தில் அழுந்தினால் பசை பக்கத்தில் பிடிக்கும். மலிவான பிவிசி உறைகள் வேண்டாம், நாளாக ஆக அதிலிருந்து கசியும் பொருள் மையை இழுக்கும். சிலிக்கா ஜெல் வைத்தால் மட்டும் போதாது, காயவைத்து மாற்றணும். கடலோரத்தில் இருப்பவர்கள் மழைக்காலம் முடிந்ததும் வெயில் படாத, காற்று வரும் இடத்தில் ஒவ்வொரு பக்கமாகத் திறந்து வையுங்கள். தரைத்தளத்தில் வீடு என்றால் எங்கே வைக்கணும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை, டிசம்பர் வெள்ளம் சொல்லிவிட்டது.

2024 மார்ச் 3

திருவொற்றியூர் நண்பர், நீங்கள் கேட்ட அஜ்மான், புஜைரா, ஷார்ஜா ஸ்டாம்ப் பாக்கெட்: 1960, 70களில் வெளிநாட்டு ஏஜென்டுகள் சேகரிப்பவர்களை நம்பியே அடித்துக் குவித்தவை. முத்திரைகூட அச்சகத்திலேயே விழுந்தது. அதனால்தான் மூலையில் கால்வட்டமாக அவ்வளவு சுத்தமாக இருக்கிறது, பின்னால் பசையும் அப்படியே இருக்கிறது. 200 ரூபாய்க்கு உங்கள் பையன் சந்தோஷப்படுவான் என்றால் வாங்குங்கள். விற்றவர் சொல்வதுபோல் முதலீடு என்றால் வேண்டாம்.